வெண்டைக்காய்க் கிண்ணத்தின் வீர வரலாறு

போர்ட் லெமோயின் ஊரில் கிறிஸ்துமஸ் முடிந்து, ஜோடித்த மரத்தைக் குப்பையில் போடுவதற்குள் ஆண்டுதோறும் ஒரு கல்லூரிக் கால்பந்துப் போட்டி நடக்கும்; பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அலபாமாவின் தென்கோடியில், கடல் எங்கே முடிகிறது சதுப்பு எங்கே தொடங்குகிறது என்று கொசுவுக்கே தெரியாத ஊர். இந்த மாதிரிப் போட்டிகளை அங்கே கிண்ணம் என்பார்கள்; இதற்குப் பெயர் வெண்டைக்காய்க் கிண்ணம். மற்ற ஊர்க்காரர்கள் ரோஜா, ஆரஞ்சு, சர்க்கரை என்று மணக்கிற, இனிக்கிற பெயர்களையெல்லாம் தங்கள் கிண்ணங்களுக்கு முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டதால் இந்த ஊருக்கு மிஞ்சியது வெண்டைக்காய்தான்.

கிண்ணத்துக்கு ஒரு குழு உண்டு. குழுவினர் வெண்டைக்காய்ப் பச்சையில் கோட்டுப் போடுவார்கள். அந்தக் கோட்டை வருடம் முழுவதும், இழவு வீட்டுக்குக்கூட, போட்டுக்கொண்டு போகலாம் என்பது விதி. போடாமல் போகக் கூடாது என்பது அதைவிடக் கண்டிப்பான விதி. குழு எதற்கு என்று கேட்டால் போட்டியை நடத்த என்பார்கள். போட்டி எதற்கு என்று கேட்டால், குழு ஒன்று இருக்கிறதே என்பார்கள்.

1958இல் வின்ஃபீல்ட் டாப் என்ற பெரிய மனிதர், தம் தொழிற்சாலையில் விற்காமல் தேங்கிக் கிடந்த வெண்டைக்காய் டப்பாக்களை என்ன செய்வது என்று இரவு பகலாக யோசித்து, கடைசியில் இளைஞர்களின் நற்குணத்தை வளர்ப்பது என்று முடிவு செய்தார். கிண்ணம் பிறந்தது இப்படித்தான். பிறகு நடந்ததெல்லாம் வீர வரலாறு. ஒரு வருடம் மூடுபனியில் பந்து எங்கே என்று நடுவருக்கே தெரியாமல், கூட்டத்தின் சத்தத்தை வைத்து வெற்றி தீர்மானிக்கப்பட்டது. இன்னொரு வருடம் இரண்டு அணிகளும் எதிரணிதான் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டு அழுதபடியே ஊர் போய்ச் சேர்ந்தன. நடுவில் கிண்ணத்தின் பெயர் ஒரு மெத்தைக் கடைக்கும், பிறகு ஒரு குடலிறக்க மருத்துவமனைக்கும் வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தது. இப்போதைய முழுப்பெயர் ‘பிக் எர்ல் கரையான் ஒழிப்பு நிறுவனம் பெருமையுடன் வழங்கும் வெண்டைக்காய்க் கிண்ணம்’. ஒப்பந்தப்படி எங்கே சொன்னாலும் முழுசாகச் சொல்ல வேண்டும். ‘பெருமையுடன்’ என்பதை விழுங்கிவிட்டால் அபராதம் உண்டு.

இந்தக் கிண்ணத்தின் அறுபத்தைந்தாம் ஆண்டு விழா நெருங்கியபோது, ஒஹையோவில் ஆர்லிஸ் பெட்டிஃபோர்டின் வீட்டில் தொலைபேசி அடித்தது. ஆர்லிஸுக்கு எண்பத்தாறு வயது. உயர்நிலைப் பள்ளியில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவர். அழைத்தவர் டாப் பெரியவரின் பேரன், குழுவின் இப்போதைய தலைவர், வின்ஃபீல்ட் டாப் மூன்றாமவர். பாட்டனாரின் பெயர், பதவி, சிரிப்பு மூன்றும் தேய்மானமில்லாமல் அவருக்கு வந்திருந்தன.

“ஐயா, எங்க முதல் கிண்ணத்தோட நாயகனே நீங்கதான்! நீங்க உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் குழுவே எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு.”

“தம்பி, நீங்க ஆள் மாறிக் கூப்புடறீங்க.”

“ஃபென்டன் கல்லூரி, இருபத்திரண்டாம் நம்பர் சட்டை. நீங்கதானே?”

“நான்தான். ஆனா அந்த ஆட்டத்துல நான் ஆடவே இல்லியே.”

“ஆகா! இந்தத் தன்னடக்கம் இருக்கு பாருங்க, இதத்தான் ஐயா நாங்க கொண்டாடறோம்!”

ஆர்லிஸ் போனை வைத்தார். மனைவி வெர்னெல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க?”

“அலபாமாக்காரங்க. அன்னிக்கு நான் பிரமாதமா ஆடினேனாம்.”

வெர்னெல் வாய்விட்டுச் சிரித்தாள். பாதியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அன்று நடந்தது இதுதான். ஃபென்டன் அணியில் ஆர்லிஸ் ஒருவர்தான் கறுப்பர். அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் அவரை விஞ்ச ஆளில்லை. போட்டிக்காக அச்சடித்த புத்தகத்தில் அணியின் படத்தைப் போட்டு, அவர் பெயரை முதலில் போட்டிருந்தார்கள். அச்சகத்தில் மை கொட்டிப்போய்ப் படத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நிறமாக விழுந்திருந்தார்கள். அதனால் பஸ் வந்து நிற்கும்வரை குழுவுக்கு விஷயம் தெரியாது. பஸ்ஸிலிருந்து ஆர்லிஸ் இறங்கியதும் டாப் பெரியவர் தொப்பியைக் கழற்றி மரியாதையாகப் பேசினார். “எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. ஆனா ஒரு சூழ்நிலை ஏற்பட்டுருக்கு” என்றார். சூழ்நிலை என்பது ஆர்லிஸ்.

பயிற்சியாளர் தோளில் கை வைத்து “டீமுக்காக, தம்பி” என்றார். மற்றவர்கள் ஏற்கெனவே கட்டியிருந்த ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். பிறகு உள்ளே போனார்கள். ஆர்லிஸ் வாகனங்கள் நிற்கிற இடத்தில், காலி பஸ்ஸில், ஓட்டுநர் அணைக்க மறந்துபோன ரேடியோவில் தன் அணியின் ஆட்டத்தைக் கேட்டார். இடைவேளையில் யாரோ ஒரு காகிதப் பையில் வறுத்த வெண்டைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். பை ஆறிச் சில்லென்று ஆகும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார். அன்றிலிருந்து அவர் வெண்டைக்காயைத் தொட்டதில்லை. அந்த அவமானம் ஆறவும் இல்லை.

அணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நடந்ததைச் சொல்ல மீதி இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் குழு சொல்வதே வேதம்.

“போவோம், வெர்னெல். அந்த மைதானத்துல நின்னு, மைக்குல ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். சொல்லிட்டுத் திரும்பிடலாம்.”

“ஒண்ணோட நிறுத்துவீங்களா? நீங்க பாடம் நடத்தினா மணியடிச்சாக்கூட நிக்காதே.”

“ஒண்ணே ஒண்ணு.”

“அப்ப நானும் வரேன். எண்ணிப் பாக்க ஆள் வேணுமில்ல.”

போர்ட் லெமோயினில் இறங்கியதும் அவர்களை நேராகச் சிலைக்கு அழைத்துப் போனார்கள். மைதானத்தின் உள்வாசலில், வெண்கலத்தில், இருபத்திரண்டாம் நம்பர் சட்டையோடு ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்தான். சிற்பியிடம் யாரும் வாங்காத ஒரு பேஸ்பால் வீரன் இருந்தானாம். மட்டையை அறுத்துவிட்டுப் பந்தைப் பற்றவைத்திருந்தார்கள். மட்டை பிடித்த பழக்கத்தில் ஆள் கொஞ்சம் பக்கவாட்டில் ஓடினான். முகம் கரையான் நிறுவன முதலாளி பிக் எர்லின் மாமனார் ஜாடை. கீழே, ‘சேறும் சகதியுமான அந்த நாளில் தொண்ணூறு கெஜம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிய ஆர்லிஸ் பெட்டிஃபோர்ட்’ என்று பொறித்திருந்தது.

பக்கத்தில் பச்சைக் கோட்டில் நின்றவர் குழுவின் வரலாற்று ஆசிரியர் லமார் கிரிக். தொழிலால் பல் மருத்துவர்.

“அன்னிக்கு மழையே பெய்யலியே” என்றார் ஆர்லிஸ்.

“பெய்யலதான் ஐயா. ஆனா மழை இல்லேன்னா வீரம் எடுபட மாட்டேங்குது. போன வருசம் குழு கூடி, ஒருமனசாத் தீர்மானம் போட்டு, பெய்ய வெச்சுட்டோம்.”

“நான் ஆடவும் இல்ல.”

“அப்படின்னு யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

கிரிக், சொத்தைப் பல்லைக் கண்டுவிட்டவர் மாதிரி பரிவோடு குனிந்தார். “நீங்க அன்னிக்கு மைதானத்துக்குள்ள இருந்தீங்களா?”

“இல்ல. அதத்தானே சொல்றேன்.”

“அப்புறம் உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு எப்படி ஐயா தெரியும்?”

நாற்பது வருடம் பிள்ளைகளின் எடக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஆர்லிஸ், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வெர்னெல் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “இந்த ஆளுக்கு உங்களவிட நல்ல முடிங்க” என்றாள்.

மறுநாள் குழுவின் விருந்து. போதகர் எழுந்து கண்ணை மூடி, “பரலோகத்தில் இருக்கிற ஆண்டவரே, பிக் எர்ல் கரையான் ஒழிப்பு நிறுவனம் பெருமையுடன் வழங்கும் வெண்டைக்காய்க் கிண்ணத்தை ஆசீர்வதியும்” என்று ஜெபித்தார். ஜெபத்தில் நான்கு முறை முழுப்பெயர் வந்தது. ஆமென் சொல்லும்போது கடைசி மேசையிலிருந்து பிக் எர்ல் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பிறகு சாப்பாடு: வெண்டைக்காய்ச் சூப், வறுத்த வெண்டைக்காய், வெண்டைக்காய் ஊறுகாய், மேலே பச்சைப் பொடி தூவிய வெண்டைக்காய் ஐஸ்கிரீம். ஆர்லிஸ் தண்ணீர் குடித்தார். வெர்னெல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. காய் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள்.

டாப் மூன்றாமவர் பேச எழுந்தார்.

“இந்த வருசம் நம்ம கிண்ணத்துக்கு வந்திருக்கிற ரெண்டு அணியும் ஜெயிச்சதவிடத் தோத்ததுதான் அதிகம்னு சில பத்திரிகைக்காரங்க எழுதறாங்க. நான் கேக்கறேன், ஜெயிக்கிறவனுக்கு நாம எதுக்கு? அவனத்தான் எல்லாக் கிண்ணமும் கூப்புடுதே! யாரும் கூப்புடாதவன நாம கூப்புடறோம். அதுதான் இந்த ஊரோட மனசு. இந்தக் குழு வாசலுக்கு வந்த யாரையும் இன்னிவரைக்கும் திருப்பி அனுப்பினதே கிடையாது!”

கை தட்டல் அடங்குவதற்குள் ஆர்லிஸ் எழுந்தார். நாளை மைதானத்தில் தன்னைக் கௌரவிக்கும்போது ஒரு வாக்கியம் பேச வேண்டும் என்றார். டாப் அவர் முழங்கையைப் பிடித்து, அன்பாக, ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டு போனார்.

“தாராளமா, ஐயா. என்ன வாக்கியம்?”

“அன்னிக்கு நான் ஆடல, என்னை ஆட விடல. அவ்வளவுதான்.”

டாப்பின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் மட்டும் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

“ஐயா, எங்க தாத்தா யாரையும் வேண்டாம்னு சொன்ன ஆளே கிடையாது. சொல்ல மனசு வராது அவருக்கு. அதான் சூழ்நிலைய விட்டுச் சொல்ல வெப்பாரு. உங்களுக்கு என்ன கொறை வெச்சாரு? உக்கார பஸ் இருந்துச்சு. கேக்க ரேடியோ இருந்துச்சு. பசிக்கும்னு வறுத்த வெண்டைக்காய் வேற குடுத்தனுப்பிச்சாரு. டிக்கெட் வாங்கி வர்றவங்களுக்கே இன்னிக்கு அந்த வசதி கிடையாது.”

ஆர்லிஸ் அவரை நிதானமாகப் பார்த்தார். “பஸ்ஸப் பத்தியோ ரேடியோவப் பத்தியோ நான் ஒண்ணும் சொல்லலியே தம்பி.”

டாப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும், ஐயா. வரலாத்துலதான் இல்ல.”

போட்டியன்று காலை விடுதிக்கு அவர்களுக்கான கைப்பட்டைகள் வந்தன. பச்சைப் பட்டை கட்டியவர் மைதானத்துக்குள் போகலாம். மஞ்சள் கட்டியவர் இருக்கைக்குப் போகலாம். இவர்களுக்கு வந்தது நீலம். நீலம் கட்டியவர் வாகனம் நிறுத்துகிற இடத்தில் தாராளமாக உலவலாம். யார் மாற்றினார்கள் என்று கேட்கக் கூடாது. குழுவில் யாரும் எதையும் செய்வதில்லை. சூழ்நிலைகள் ஏற்படும்.

வாசலில் நின்ற காவலர் ஓஸெல். தலை நரைத்த கறுப்பர், கையில் பச்சைப் பட்டை. நீலத்தைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

“மன்னிச்சுக்கங்கண்ணே. நீலத்த உள்ள விடக் கூடாதுன்னு காலைலதான் தனியா வந்து சொல்லிட்டுப் போனாங்க.”

“இவரு உள்ள சிலையா நிக்கிறாரு. ஆளா வந்தா விட மாட்டீங்களா?” என்றாள் வெர்னெல்.

“சிலைக்குப் பச்சைப் பட்டை கட்டியிருக்காங்கக்கா. நானே பாத்தேன்.”

திரும்பி நடந்தார்கள். விடுதியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த பஸ் அங்கேயே நின்றது. ஓட்டுநர் மஞ்சள் பட்டையோடு ஆட்டம் பார்க்கப் போயிருந்தார், ரேடியோவை அணைக்காமல். ஆர்லிஸ் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். இதே மைதானம், இதே பக்கம். ஒரு வித்தியாசம், இப்போது பஸ்ஸில் குளிர்சாதனம் இருந்தது. அறுபது வருடத்து முன்னேற்றத்தை யாராவது சந்தேகப்பட்டால் அவர்களுக்கு இதைக் காட்டலாம்.

“அழறீங்களா?” என்றாள் வெர்னெல்.

“இல்ல. கோவமா இருக்கு. அழுதுட்டா தேவலாம்.”

இடைவேளை நெருங்கியபோது பல் மருத்துவர் கிரிக் தலைதெறிக்க வாசலுக்கு ஓடிவந்தார். நாயகனை வாசலில் நிறுத்திவிட்டார்கள், சரி. ஆனால் நாயகன் மைதானத்தில் நின்று கையசைக்கும்போது பிக் எர்லின் விளம்பரம் ஓட வேண்டும் என்பது ஒப்பந்தம். நாயகன் இல்லாவிட்டால் விளம்பரம் இல்லை. கிரிக் மூச்சு வாங்கியபடி நாலாபுறமும் பார்த்தார். கடைசியில் ஓஸெலைப் பார்த்தார்.

“உங்க வயசென்ன?”

“எழுபத்திரண்டு, டாக்டர்.”

“போதும்.”

இருபத்திரண்டாம் நம்பர் சட்டையை ஓஸெலின் தலை வழியே மாட்டி, திமிறத் திமிற இழுத்துக்கொண்டு ஓடினார். சற்று நேரத்தில் ரேடியோவில் வர்ணனையாளர் அலறினார்: “இதோ, நேயர்களே! ஆர்லிஸ் பெட்டிஃபோர்ட்! மைதானத்தின் நட்ட நடுவில்! கையசைக்கிறார்! ஆகா, அவர் கண்கள் கலங்குகின்றன!”

ஆர்லிஸ் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது.

வெர்னெல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, இப்ப வாசல்ல யாரும் இல்ல.”

எண்பத்தாறு வயது முழங்காலோடு ஆர்லிஸ் எழுந்தார். காலியான வாசலைத் தாண்டி, பட்டை கட்டிய சிலையைத் தாண்டி, காற்றடைத்த ராட்சத வெண்டைக்காய் இரண்டுக்கு நடுவே புகுந்து, வெள்ளைக் கோட்டருகே வந்ததும் கால் தானாக நின்றது. புல்லைப் பார்த்தார். இருபத்தோரு வயதில் இந்தப் புல்லில் ஓடத்தான் ராத்திரியெல்லாம் தூங்காமல் பஸ்ஸில் வந்தார். வெர்னெல் அவர் முதுகில் லேசாகத் தட்டினாள். கோட்டைத் தாண்டினார்.

மைதான நடுவில் ஓஸெலின் கையில் மைக்கைத் திணித்து, கரையான் ஒழிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓஸெல் ஆர்லிஸைப் பார்த்துவிட்டார்.

“அவரு நான் இல்லீங்க” என்றார் மைக்கில். “அவரு இதோ வர்றாரு. வாசல்ல நான்தான் தடுத்தேன். தடுக்கச் சொன்னாங்க.”

மைக்கை நீட்டினார். டாப்பின் கை அதைத் தேடி வருவதற்குள் அது ஆர்லிஸிடம் போய்விட்டது.

“நான்தான் ஆர்லிஸ் பெட்டிஃபோர்ட். முதல் கிண்ணத்துல நான் ஆடல. கறுப்பன்னு என்னை ஆட விடல, வெளிய பஸ்ஸுல உக்கார வெச்சாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “இன்னிக்கும் அங்கதான் உக்காந்திருந்தேன்.”

வாக்கியம் நான்காகிவிட்டது. வெர்னெல் எண்ணவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கையில் டிரம் குச்சியோடு நின்ற வாத்தியக்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். அந்த ஒரு கணம் ஆர்லிஸுக்குப் போதுமானதாக இருந்தது. அது நீடித்திருந்தால் ஊருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

ஆனால் டாப்புக்கு மைக் கிடைத்துவிட்டது.

“என்ன ஒரு தன்னடக்கம்!” என்று தழுதழுத்தார். “இந்த உருக்கமான தருணத்தை உங்களுக்கு வழங்குவது, பிக் எர்ல் கரையான் ஒழிப்பு நிறுவனம், பெருமையுடன்!”

என்ன செய்வது என்று தெரியாமல் திணறிக்கொண்டிருந்த கூட்டம், தெரிந்ததைச் செய்தது. கை தட்டியது. வாத்தியம் முழங்கியது. ராட்சத வெண்டைக்காய்கள் ஆடின.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒஹையோ வீட்டுத் தொலைபேசி மறுபடி அடித்தது. அதே டாப் மூன்றாமவர்.

“ஐயா, குழு கூடி வரலாத்தத் திருத்திட்டோம்! ஒருமனசா! நீங்க சொன்ன உண்மைய அப்படியே வெண்கலத்துல வடிச்சாச்சு. படம் அனுப்பியிருக்கேன், பாருங்க. திறப்பு விழாவுக்கு அவசியம் வரணும். இந்தத் தடவ பச்சைப் பட்டை, என் பொறுப்பு.”

வெர்னெல் கைபேசியில் படத்தை விரித்தாள். ஓடுகிற சிலை போயிருந்தது. அந்த இடத்தில் வெண்கலத்தில் ஒரு பஸ் இருக்கை. ஜன்னலோரமாக ஆர்லிஸ், மடியில் வெண்கலக் காகிதப் பை. பக்கத்து இருக்கை காலி. பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். பழைய மெத்தைக் கடை திரும்பி வந்து அந்த இருக்கையைப் பெருமையுடன் வழங்கியிருந்தது. கீழே இப்படிப் பொறித்திருந்தது: ‘முதல் கிண்ணத்தின்போது, சேறும் சகதியுமான சூழ்நிலை காரணமாக, ஆர்லிஸ் பெட்டிஃபோர்ட் இங்கே அமர்ந்து ஆட்டத்தைக் கேட்டு மகிழ்ந்தார்.’ மழையை மட்டும் அவர்களால் விட முடியவில்லை.

வெர்னெல் படத்தைப் பெரிதாக்கி, உற்றுப் பார்த்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று பட்டது அவளுக்கு.

“பரவால்லீங்க. இந்தத் தடவ மூஞ்சி உங்க மூஞ்சியேதான்.”

ஆர்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“மூஞ்சி என்னுதுதான், வெர்னெல். ஆனா பாரு, சிரிக்குது.”